எட்டாவது ஆடு

ஆர்.வி.யை விற்பதா வைத்திருப்பதா என்பதை எங்கள் மகள் வந்து பார்த்துச் சொல்வாள் என்று முடிவானது மொன்றியலுக்கு அருகே புரோசார்ட்டில், மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். இலைகள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பேர் சாப்பிட்டோம், நான்கு பேர் பேசினோம். பேசாமல் இருந்தவள் என் மனைவி. பேச்சு முழுக்க அவளுடைய முழங்காலைப் பற்றித்தான்.

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்த பழைய வீட்டு வாகனம் அது. நான் ஓய்வு பெற்ற வருடம் வாங்கினோம். மொன்றியலில் முதல் பனி விழுமுன் தெற்கே ஓட்டிக்கொண்டு போய், குளிர்காலத்தை அரிசோனாப் பாலைவனத்தில் கழித்துவிட்டு, வசந்தத்தில் திரும்பி வருவோம். அரை வருடத்துக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே நின்றால் மருத்துவ அட்டைக்கு ஆபத்து என்பதால் திரும்பும் நாளை நான் கவனமாகப் பார்த்துக்கொள்வேன்.

"அப்பா, உங்களுக்கு எழுபத்தினாலு," என்றான் மகன். "அம்மாவுக்கு இப்பதான் முழங்கால் மாத்தினது. அந்தக் கல்லுக்குள்ள விழுந்தா ஆர் தூக்கிறது? பாம்பு வேற."

"பாம்பு குளிருக்கு வளைக்குள்ள படுத்திருக்கும். இவ்வளவு காலத்தில ரெண்டுதான் கண்டனான். ரெண்டும் தங்கட பாட்டில போனதுகள்."

"பாத்தியளே, பாம்பையும் எண்ணி வச்சிருக்கிறார்," என்றாள் மருமகள்.

மனைவி கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அவள் வந்து பாக்கட்டும்," என்று மகளைக் காட்டிச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மகள் செய்வது பிசியோதெரப்பி வேலை. விழுந்தவர்களையும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களையும் கம்பியைப் பிடித்து மீண்டும் நடக்க வைப்பது அவள் தொழில். முழங்கால் விடயத்தில் அவளுடைய சொல்லுக்கு மேல் எங்கள் குடும்பத்தில் சொல் இல்லை. மாசியில் ஒரு கிழமை லீவெடுத்து வருவாள், எங்களோடு மலையில் நடப்பாள், தாய்க்கு ஏலாது என்று கண்டால் வசந்தத்தில் வண்டியை விற்றுவிட வேண்டும். மகன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

மற்றவர்களுக்கு அது ஒரு பழைய வண்டி. எனக்கு அப்படி இல்லை. மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். வண்டி வாங்குவதற்கு முன் ஒரு தை மாதம் பேருந்துத் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து மனைவி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருமூலை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போவதென்றாலும் என் கையை விடமாட்டாள். கோயிலுக்குப் போனால் காரை வாசற்படியோடு ஒட்டி நிறுத்த வேண்டும். பனி தொடங்கினால் சித்திரை வரைக்கும் யன்னலோடுதான் சீவியம். எங்கள் யன்னலில் இருந்து பார்த்தால் கார்த் தரிப்பிடத்தில் இருபத்திரண்டு கார்களும் மூன்று மரங்களும் தெரியும்.

அதே பெண் பாலைவனத்தில் நடந்தாள். முதல் குளிர்காலம் முகாமின் வேலி வரைக்கும். அடுத்ததில் காய்ந்த ஆற்றுப் படுக்கை வரைக்கும். அதற்கடுத்ததில் இரண்டு குன்றுகளுக்கும் இடையில் உள்ள கணவாய் வரைக்கும் ஏறினாள். கணவாய்க்கு மேலே, பாறை குடைந்த ஒரு குழியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றும், வளைந்த கொம்புள்ள காட்டுச் செம்மறிகள் அங்கே குடிக்க வரும் என்றும் சொல்லக் கேட்டிருந்தோம். நாங்கள் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் கணவாயில் நின்று தோடம்பழம் உரித்துத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். பாதி அவளுடைய முழங்காலால். மீதிப் பாதி என்னால் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

குழியைப் பற்றிச் சொன்னவர் எங்கள் பக்கத்து வண்டிக்காரர். கெபெக்கின் வடக்கே ஒரு சின்ன ஊரில் பேருந்துச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முகாமில் பிரெஞ்சு பேசியவர்கள் அவரும் நாங்களும்தான் என்பதால் முதல் நாளே சிநேகிதம். என்னுடையது சென்ட் லோரன்ட் மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணிக்கொண்டே கற்ற பிரெஞ்சு. இருபத்தெட்டு வருடம் அந்தக் களஞ்சியத்தில் இருப்பெடுத்திருக்கிறேன். ஊரில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவனுக்கு அங்கே கிடைத்த வேலை அது. குறை சொல்லமாட்டேன், என் எண்ணிக்கையில் ஒரு பெட்டி கூடக் குறைந்ததில்லை. பாலைவனத்திலும் கை சும்மா இருக்கவில்லை. காடை, முயல், கள்ளியின் கிளைகள், எல்லாவற்றையும் எண்ணினேன். பக்கத்து வண்டிக்காரர் என்னைக் 'கணக்காளரே' என்று பிரெஞ்சில் கூப்பிடுவார். மாலையில் கண்டால் 'போன்சுவா' சொல்வதற்கு முன்பே, "எத்தனை?" என்று கேட்பார்.

அவரோடு சிநேகிதம் இறுகியது மிளகாயால். சென்ட் லோரன்ட் வீட்டில் மனைவி ஒரு தரம் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தபோது கட்டடம் முழுக்க அபாய மணி அடித்து, நாற்பது வீட்டுச் சனமும் இரவுச் சட்டையோடு பனிக்குள் நின்றது. மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தன. மிளகாய்தான் என்று காட்டினேன். தலைக்கவசத்தோடு ஒருவர் குனிந்து சட்டியைப் பார்த்து மூன்று தரம் தும்மினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வறுவல் இல்லை. ஆகவே முதல் குளிர்காலத்திலேயே செத்தல் மிளகாயும் மல்லியும் மற்றச் சரக்கும் எங்களோடு பாலைவனத்துக்கு வந்தன. திறந்த வெளி, காய்ந்த காற்று, அயலில் கூரை இல்லை. உலகத்தில் தூள் வறுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று இருவருமே நினைத்தோம்.

காற்றைத்தான் மறந்துவிட்டோம். முகாமின் ஓரத்தில் ஒழுகும் குழாய் ஒன்று உண்டு. பொழுது சாயும் நேரம் காடைகள் அங்கே தண்ணீருக்கு வரும். அன்று ஒன்பது பேர் மடிப்புக் கதிரைகளில் மூச்சுக் காட்டாமல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வண்டிக்குப் பின்னால் சட்டியை வைத்தாள். மிளகாய் கறுக்கத் தொடங்கியபோது காற்றுத் திரும்பியது. ஒன்பது பேரும் கதிரைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். காடைகள் அசையவில்லை. பதினேழு. எண்ணினேன். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் தெரியாது என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வண்டிக்காரர் வந்தார். "மதாம், எங்கள் ஊரில் இதைக் கரடியை விரட்டத்தான் அடிப்போம். இங்கே கரடி இல்லையே!"

மறுநாள் அந்தத் தூளில் சமைத்த கோழிக்கறியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கு மறுநாள் வெறும் பாத்திரத்தோடு வந்து வாசலில் நின்றார். காற்றுப் பார்க்கச் சொல்லித் தன் கையாலேயே எங்கள் வண்டிக் கூரையில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார். அதற்குப் பிறகு ரிப்பனைப் பார்க்காமல் சட்டி வைப்பதில்லை.

மாசியில் மகள் வந்தாள். விமான நிலையத்தில் இருந்து கூட்டிவரும்போதே அவள் கண் தாயின் காலில் இருந்ததைக் கண்டேன். வண்டிப் படியில் தாய் ஏறியபோது எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று பார்த்தாள். தாய் குனிந்து அடுப்படி அலுமாரியைத் திறந்தபோதும் பார்த்தாள். அன்றிரவு நான் மனைவியைத் தனியே பிடித்தேன்.

"இஞ்சேரும், நாளைக்குக் கணவாயோட திரும்புவம். அதுக்கு மேல போய் நொண்டினீர் எண்டால் அவள் கண்டிடுவாள். பேந்து எல்லாம் முடிஞ்சுது."

"ம்," என்றாள். அவளுடைய 'ம்' சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு வருடம் கூட வாழ்ந்தவன் அப்படி எடுத்திருக்கக் கூடாது.

காலையில் ஆறு போத்தல் தண்ணீர், இரண்டு ஊன்றுகோல், தோடம்பழம், ஊதுகுழல், மருந்துப் பை, சீப்பு எல்லாம் வைத்துக் கட்டினேன்.

"கலியாண வீட்டுக்குச் சாமான் கட்டிற மாதிரிக் கிடக்கு," என்றாள் மனைவி.

"சீப்பு என்னத்துக்கு?" என்றாள் மகள்.

"பொறு, விளங்கும்," என்றேன்.

விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. மகள் இளமை வேகத்தில் முன்னால் போனாள். கையில் தொலைபேசி, கண் தூரத்து மலையில். பாதையோரம் நின்ற கள்ளி ஒன்றில் உரசினாள். தொட்டால் துண்டாகக் கழன்று ஒட்டிக்கொள்கிற கள்ளி. தானாகப் பாய்ந்து வருகிறது என்று அங்கே சொல்வார்கள். எலுமிச்சங்காய் அளவில் ஒரு முள் உருண்டை அவள் கெண்டைக்காலில் குத்தி நின்றது. அவள் கத்திக்கொண்டு கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதை! கையால தொடாதை!" நான் கத்தினேன். தொட்டால் அது கைக்கு மாறும்.

மனைவி ஆறுதலாக வந்தாள். பையில் இருந்து சீப்பை எடுத்து, பல்லை உருண்டைக்கும் தோலுக்கும் இடையில் விட்டு, ஒரு தள்ளுத் தள்ளினாள். உருண்டை பற்றைக்குள் போய் விழுந்தது. மிச்சம் நின்ற முட்களைச் சின்னக் குறட்டால் பிடுங்கினோம். பதினொன்று.

"அம்மா, நீங்கள் எப்பவும் சீப்போடயே நடக்கிறனீங்கள்?"

"கொப்பருக்குத் தலையில மயிர் இருந்த காலத்தில வாங்கினது. இப்ப கள்ளிக்குத்தான் உதவுது."

மகள் அழுகையும் சிரிப்புமாக எழுந்தாள். அதற்குப் பிறகு தாய்க்குப் பின்னால் நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பார்க்க வந்தவளைப் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள். இது எங்கள் கணக்கில் சேரும் என்று நினைத்தேன்.

வழியில் ஒன்றையும் நான் தவறவிடவில்லை. கள்ளி முட்களுக்கு நடுவே கூடு கட்டிய குருவி. ஈரமே இல்லாத மண்ணில் ஒரு கொயோட்டியின் அடிச்சுவடு. கொயோட்டி என்பது நாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட ஒன்று. மொன்றியலிலும் சில பூங்காக்களில் திரிகிறது, ஆனால் இங்கேதான் அது வீட்டுக்காரன் மாதிரி நடக்கும். பதினான்கு கிளை விட்ட ஒரு சகுவாரோக் கள்ளியை மகளுக்குக் காட்டினேன். "பதின்மூண்டு எல்லோ," என்றாள் மனைவி. "முந்தநாள் காத்துக்கு ஒண்டு விழுந்தது, அந்தா கிடக்கு." கிடந்தது.

கணவாயில் பையை இறக்கினேன். கீழே முகாம் முழுக்கத் தெரிந்தது. எங்கள் கூரை ரிப்பன் கூட ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது.

"சரி, இதோட காணும்," என்றேன். "நல்ல காட்சி. தோடம்பழத்தைச் சாப்பிட்டிட்டுத் திரும்புவம்."

"அந்தத் தண்ணிக் குழி மேலயா? எவ்வளவு தூரம்?" என்றாள் மகள்.

"கன தூரம்."

"கன தூரம் இல்லை," என்றாள் மனைவி. "உவர் எண்ணாத ஒரே தூரம் அதுதான்."

அவள் ஒரு கல்லில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். எழுந்தாள். "நீங்கள் வேணுமெண்டா இதில இருந்து காடை எண்ணுங்கோ. நான் போட்டு வாறன்."

"இஞ்சேரும், விசர் வேலை பாக்காதேயும். ராத்திரி என்ன கதைச்சனாங்கள்?"

"நீங்கள் கதைச்சனீங்கள். நான் 'ம்' எண்டனான்."

மகள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு தாயின் பின்னால் நடந்தாள். நான் தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாக ஏறினேன்.

இத்தனை வருடத்தில் மலையில் அவளுக்குப் பின்னால் நான் நடந்ததில்லை. எப்போதும் நான் முன்னால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அன்று பின்னால் இருந்து பார்த்தேன். ஊன்றுகோலை முதலில் வைத்தாள், பிறகு நல்ல கால், பிறகு புதிய முழங்கால். ஒரே தாளம். பாறை உயரமான இடத்தில் அவசரப்படாமல் பக்கவாட்டாகத் திரும்பி ஏறினாள். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கவனம்." "அந்தக் கல்லு ஆடும்." "இடப்பக்கம், இடப்பக்கம்."

மகள் நின்று என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஒண்டு சொல்லட்டே? நீங்கள் 'கவனம்' எண்டு சொல்லேக்க எல்லாம் அம்மா நிண்டு திரும்பிப் பாக்கிறா. அப்பதான் தள்ளாடுறா. முன்னுக்குப் பாத்து நடக்கேக்க ஒருக்காலும் இல்லை. நான் காலமையில இருந்து பாத்துக்கொண்டுதான் வாறன்."

பேருந்துத் தரிப்பிடத்தில் மனைவி விழுந்தபோது நான் தெருவின் மறுபக்கம் நின்றேன். அன்று தொடங்கிய 'கவனம்' இது. வாயை மூடினேன். அன்றைய மலையில் எனக்கு மிகக் கடினமான பகுதி அதற்குப் பிறகு வந்த தூரம்தான். ஒரு இடத்தில் கல் உண்மையிலேயே ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் காலை எடுத்து வேறு கல்லில் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசி வளைவில் மனைவி சட்டென்று நின்று, பின்னால் கையை நீட்டி எங்களை நிறுத்தினாள்.

குழி நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்கள் வண்டி நிற்கிற இடம் அளவுதான் இருக்கும். தண்ணீர் பச்சை. அதைச் சுற்றி மண்நிறத்தில் கற்கள் கிடந்தன. பிறகு அந்தக் கற்களில் ஒன்று தலையைத் தூக்கியது. கொம்பு காதைச் சுற்றி வளைந்து கன்னத்தருகே முடிந்திருந்தது. அதன் கண் எங்கள் மேல். மற்றவை குடித்துக்கொண்டிருந்தன. அவை தண்ணீரை உறிஞ்சும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

இருப்பெடுக்கிற பழக்கத்தில் இடமிருந்து வலமாக எண்ணினேன். ஏழு. வலமிருந்து இடமாகத் திருப்பிச் சரிபார்த்தேன். ஏழு. பக்கத்தில் மகளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிரெஞ்சில் எண்ணுகிறாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் விரல் மடிப்பைத் தொட்டாள். அது என் பழக்கம். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவு இல்லை.

"எட்டு," என்று என் காதுக்குள் சொன்னாள்.

"ஏழு."

"எட்டு, அப்பா. அந்தக் கிழட்டு ஆட்டுக்குப் பின்னால பாருங்கோ. காலை எண்ணுங்கோ."

காலை எண்ணினேன். ஆறு கால். நான்கு பெரியவை. பின்னால் இரண்டு, மிக மெல்லியவை, நடுங்கிக்கொண்டு. தாய் ஆடு ஓர் அடி நகர்ந்தபோது குட்டியின் முகம் தெரிந்தது. பிறந்து சில நாட்கள்தான் இருக்கும். என் எண்ணிக்கையை இன்னொருவர் திருத்தி எனக்குச் சந்தோஷம் வந்தது அதுதான் முதல் தடவை. எட்டு என்று நானும் விரலை மடித்தேன்.

மனைவி ஒரு பாறையில் இருந்துகொண்டு முழங்காலில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "எண்ணி முடிஞ்சுதோ? இனிப் பாருங்கோ."

பார்த்தேன். ஆட்டையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். பனிக்காலத்தில் பால் வாங்கப் போக என் கையைப் பிடித்தவள், யாருடைய கையும் பிடிக்காமல் ஏறி, எங்கள் இருவரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். முகாமில் எங்கள் வயதுக்காரர் பலர் இருந்தார்கள். விலை கூடிய சப்பாத்தும் தூரக்கண்ணாடியும் வைத்திருந்தார்கள். இந்தக் குழியைக் கண்டவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம்.

இறங்குவது ஏறுவதைவிட முழங்காலுக்குப் பாரம். அவள் நெளிந்து நெளிந்து, பாதையின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்குப் போய்ப் போய் இறங்கினாள். இரண்டு இடத்தில் நின்று ஆறினாள். நானும் பின்னால் நின்றேன்.

முகாமில் பக்கத்து வண்டிக்காரர் கதிரையில் இருந்தார். "கணக்காளரே, எத்தனை?"

"எட்டு ஆடு."

அவர் எழும்பிவிட்டார். "குழிக்கா போனீர்கள்? எண்ணியது நீங்களா?"

"இல்லை. எண்ணியது மகள். கொண்டுபோனது என் மனைவி." அந்தப் பிரெஞ்சு வசனத்தை இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றி மனைவிக்குக் குனிந்தார். "சும்மா இருங்கோ முசியூ," என்று மனைவி தமிழில் சொல்லிவிட்டு, காலுக்கு ஐஸ் கட்டி தேடி உள்ளே போனாள்.

ஐஸ் கட்டியை மகள் கண்டாள். அன்று மாலை தாயின் முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் ஒழுகும் குழாயடியில் காடை பார்த்தாள், தாயோடு ஆற்றுப் படுக்கையில் நடந்தாள், புரோசார்ட்டுக்கு அழைத்துத் தமையனோடு கதைத்தாள், ஆனால் வெளியே தள்ளிப் போய் நின்று.

"கேளுமன் அவளை," என்றேன் மனைவியிடம்.

"நீங்கள் வாயை மூடினதாலதான் மலை ஏறினனாங்கள். இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டு இருங்கோ."

மகள் புறப்படும் நாளுக்கு முதல்நாள் தூள் வறுக்கிற நாள். ரிப்பன் வெளிப்பாலைவனத்தின் பக்கம் பறந்தது. மனைவி சட்டியை வைத்தாள். மகள் அகப்பையை வாங்கித் தானே கிளறினாள். மல்லி வாசம் வந்தது, பிறகு மிளகாய். காற்று எங்கள் பக்கம் இல்லை என்றாலும் சட்டிக்கு மேலே குனிந்தவளுக்குக் கண்ணீர் ஓடியது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, இது காணாது. அடுத்த முறை எனக்கும் அண்ணாவுக்கும் சேத்து வறுங்கோ."

நான் சட்டியடிக்கு வந்தேன். "அடுத்த முறையோ? அப்ப ஆர்.வி.?"

"ஆர்.வி. இல்லாட்டி எங்கை வறுக்கிறது? என்ர கொண்டோ வீட்டிலயோ? தீயணைப்புக்காரர் பாவம் எல்லோ."

மனைவி சிரித்துச் சிரித்து இருமினாள்.

"முழங்கால்?" என்றேன்.

"முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஏறின அண்டைக்குக் கொஞ்சம் வீங்கினது, ஐசுக்கு வத்திப்போச்சு. என்னட்ட வாற ஐம்பது வயசுக்காரர் உப்பிடி இறங்கமாட்டினம்." அகப்பையை என் பக்கம் நீட்டினாள். "ஆனா ஒரு கொண்டிசன். மலையில முன்னுக்கு அம்மா. பின்னுக்கு நீங்கள். வாய் திறக்கப்படாது."

"பாம்பைக் கண்டாலுமோ?"

"பாம்பைக் கண்டா ஒருக்காச் சொல்லலாம்."

மனைவி அகப்பையை அவளிடமிருந்து வாங்கி, அடிப்பிடிக்காமல் கிளறினாள். அவள் முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. தனக்கு முன்பே தெரிந்த ஒன்றை மற்றவர்கள் பிந்தி அறிந்த மாதிரி இருந்தாள்.

மகள் தொலைபேசியை எடுத்துத் தமையனை அழைத்தாள். இந்த முறை தள்ளிப் போகவில்லை, சட்டியடியில் நின்றபடியே இருமி இருமிக் கதைத்தாள். நான் காதைக் கொடுத்தேன். கடைசியில் தொலைபேசியைக் கீழே இறக்கினாள்.

"என்னவாம்?" என்றேன். "விக்கச் சொல்லி நிக்கிறானோ?"

"இல்லை. எத்தனை கிலோ வறுக்கப் போறியள் எண்டு கேக்கிறார்."

மூன்று வீட்டுக்கும், பக்கத்து வண்டிக்காரருக்கும் என்று நான் விரலை மடிக்கத் தொடங்கினேன்.